கார் ‘டோட்டல் லாஸ்’ ஆகிவிட்டதா? வட சென்னை கார்க்காரர்களுக்கு முழு இன்சூரன்ஸ் வழிகாட்டி

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர் இடித்து நசுங்கிய காரும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கொடுங்கையூரிலோ மணலியிலோ வெள்ளத்தில் மூழ்கிய காரும் இன்சூரன்ஸ் கம்பெனியின் கண்ணுக்கு ஒன்றுதான். ஒரே கணக்குப் போட்டுத்தான் இரண்டையும் முடிப்பார்கள். அந்தக் கணக்கு தெரியாமல் போய் உட்கார்ந்தால், நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். தெரிந்தவருக்கு ஐம்பதாயிரம், ஒரு லட்சம் வரைகூடக் கூடுதலாகக் கிடைக்கிறது. எனவே கையெழுத்துக்கு முன்னால் அந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எப்படிப் போடுவது, எந்தத் தாளில் எப்போது கையெழுத்திடுவது, எங்கே மறுப்பது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியவை

பாலிசியின் முதல் பக்கத்தில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை இருக்கும். வண்டி முழுதாகப் போனால், அதாவது ‘டோட்டல் லாஸ்’ ஆனால், கம்பெனி தரும் உச்சத்தொகை இது. இதே மாடல் கார் இன்று ஓ.எல்.எக்ஸில் என்ன விலைக்குப் போகிறது என்பதற்கு இங்கே வேலையே இல்லை. டோட்டல் லாஸ் கிளெய்முக்கு, பாலிசி ஆண்டு முழுவதும் ஐ.டி.வி.யைத்தான் சந்தை விலையாகக் கொள்ள வேண்டும், விபத்து பதினோராவது மாதத்தில் நடந்தாலும் அதிலிருந்து தேய்மானம் கழிக்கக் கூடாது என்பது மோட்டார் பாலிசி வாசகத்திலேயே உள்ள விதி. “வண்டிக்கு இப்போது மார்க்கெட்டில் இவ்வளவு விலை இல்லையே சார்” என்று யாராவது சொன்னால் இந்த விதியைச் சொல்லி நிறுத்துங்கள்.

ஐ.டி.வி. வருவது கார் தயாரிப்பாளரின் விலைப்பட்டியலிலிருந்து. வண்டியின் வயது 6 மாதம் வரை என்றால் 5 சதவீதம் கழிவு, 1 ஆண்டு வரை 15, 2 ஆண்டு வரை 20, 3 வரை 30, 4 வரை 40, 5 ஆண்டு வரை 50. ஐந்து ஆண்டுக்கு மேல் போனால் இருதரப்பும் பேசி முடிவு செய்வது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரீமியம் எண்ணூறு ரூபாய் குறைகிறது என்று ஆன்லைனில் ஐ.டி.வி.யைக் கடைசிவரை கீழே இழுத்துவிட்டுப் புதுப்பிக்கிறார்கள். விபத்துக்குப் பிறகு அதை உயர்த்த வழியே கிடையாது.

அடுத்து ஆட்-ஆன்கள், அதாவது கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் காப்புகள். ‘பம்பர் டு பம்பர்’ என்று நம் ஊரில் சொல்லும் ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத காப்பு), இன்ஜின் பாதுகாப்பு, ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் இருந்தால் ஐ.டி.வி.க்கும் வண்டி வாங்கிய பில் தொகைக்கும் உள்ள வித்தியாசமும் கிடைக்கும். ஆனால் சாலை வரி, பதிவுக் கட்டணம் சேருமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதைப் பாலிசி வாசகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, பாலிசியில் இருக்கும் பெயரும் ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா? செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஆர்.சி.யை மாற்றிவிட்டு, இன்சூரன்ஸை மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம். மூன்றாம் நபர் காப்பு தானாக உங்களிடம் வந்துவிடும், சொந்தச் சேதக் காப்பு வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றியிருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1996-லேயே இதை உறுதிசெய்துவிட்டது.

முதல் நாள்: இடத்திலேயே செய்ய வேண்டியவை

விபத்து என்றால் வண்டியை நகர்த்தும் முன் நாலா பக்கமும் படம் எடுங்கள். நம்பர் பிளேட்டும் சாலையும் ஒரே படத்தில் விழ வேண்டும். இடித்த லாரியின் நம்பரையும், டிரெய்லரின் நம்பரையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் இழுக்கும் வண்டிக்கும் பின்னால் வரும் டிரெய்லருக்கும் வேறு வேறு பதிவு எண் இருக்கும். மணலி, எண்ணூர், துறைமுகம் பக்கம் இதில்தான் பிறகு குழப்பம் வருகிறது.

யாருக்காவது காயம், அல்லது இன்னொரு வண்டி சம்பந்தப்பட்டது என்றால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். அந்த வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்து அறிக்கை தருவார், அதன் நகலையும் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். உங்கள் வண்டி தானாகத் தடுப்புச்சுவரில் மோதி, வேறு யாருக்கும் சேதமில்லை என்றாலும் ஸ்டேஷனில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கிவைப்பது நல்லது.

வெள்ளம் என்றால் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பாதீர்கள். ஏர் இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. ஸ்டார்ட் செய்தவுடன் கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் பிளாக்கே உடையும். வெள்ளச் சேதம் சாதாரண பாலிசியிலேயே அடங்கும், ஆனால் ஸ்டார்ட் செய்ததால் உடைந்த இன்ஜின் “பின்விளைவுச் சேதம்” என்று ஒதுக்கப்படும். இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு திருப்பில் இன்ஜின் செலவு முழுவதும் சொந்தத் தலையில் விழும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் வண்டி நின்றுவிட்டால் தள்ளித்தான் வெளியே எடுக்க வேண்டும். முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

தண்ணீர் வடிந்ததும் கழுவாதீர்கள். கதவிலும் சீட்டிலும் படிந்த சேற்றுக் கோடுதான் உங்கள் சாட்சி. கார்ப்பெட் வரையா, சீட் வரையா, டாஷ்போர்டு வரையா என்பதை வைத்தே சர்வேயர் சேதத்தை அளக்கிறார். டாஷ்போர்டைத் தாண்டியிருந்தால் வயரிங், இ.சி.யூ., ஏர்பேக் மாட்யூல் எல்லாம் போயிருக்கும், பெரும்பாலும் டோட்டல் லாஸ்தான். அளவு நாடாவைக் கதவின் மேல் வைத்துப் படமெடுங்கள். 2023-இல் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு கலந்து வந்த எண்ணெய்ப் படலம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும் தனியாக, கிட்டத்தில் எடுங்கள். அந்த எண்ணெய் ரப்பரையும் வயர் உறையையும் கெடுக்கும், எஸ்டிமேட்டில் அது ஏற வேண்டும்.

பிறகு கம்பெனிக்குப் போன். கிளெய்ம் எண் வாங்கிய கையோடு அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், போன் பேச்சுக்குச் சாட்சி கிடையாது. டோ வண்டிக்குச் சாதாரண பாலிசி தருவது 1,500 ரூபாய்தான். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருந்தால் அவர்கள் வழியாகவே எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்கும்போது

2024-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. கொண்டுவந்த விதிப்படி, கிளெய்ம் பதிவான 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும். அவர் அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். தேவையான ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்தால் கிளெய்மை நிராகரிக்கவும் கூடாது. தேதிகளை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், பின்னால் தாமதத்துக்கு வட்டி கேட்க அதுதான் ஆதாரம். வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து அந்த வட்டி வரும்.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு விஷயத்தை முதல் நாளே எழுத்தில் கேளுங்கள். வண்டியை ரிப்பேர் செய்யாமல் எடுத்துப்போனால் எஸ்டிமேட் கட்டணம் எவ்வளவு? நிறுத்தி வைக்க ஒரு நாளைக்கு எவ்வளவு? டோட்டல் லாஸ் பேச்சு இழுக்க இழுக்க இந்த பார்க்கிங் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் அதைக் கட்டினால்தான் வண்டி வெளியே வரும். தாமதம் கம்பெனியால் என்றால், அந்தக் கட்டணத்தை அவர்களே ஏற்க வேண்டும் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

எஸ்டிமேட் போடும்போது வெளியில் தெரியும் சேதத்தை மட்டும் எழுதுவது வழக்கம். பானெட்டும் டாஷ்போர்டும் கழற்றினால்தான் லாங் மெம்பர் வளைந்ததும், வயரிங் ஹார்னஸ் அறுந்ததும், ஸ்டீயரிங் தண்டு நகர்ந்ததும் தெரியும். தொகை டோட்டல் லாஸ் எல்லைக்கோட்டுக்கு (கீழே வரும் 75 சதவீதத்துக்கு) பக்கத்தில் நிற்கிறது என்றால், கழற்றிப் பார்த்துத் துணை எஸ்டிமேட் போட்ட பிறகே மதிப்பிட வேண்டும் என்று சர்வேயரிடம் எழுதிக் கேளுங்கள். சேஸிஸ் கெட்டிருந்தால், பாதுகாப்பாகச் சரிசெய்ய முடியாது என்று சர்வீஸ் அட்வைசரிடம் கடிதம் வாங்குங்கள். வளைந்த சேஸிஸை இழுத்து நேராக்கிய காரில் குடும்பத்தை ஏற்றுவது பணத்தைவிடப் பெரிய விஷயம். இங்கே தயக்கம் வேண்டாம்.

75 சதவீதக் கணக்கு

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ‘கன்ஸ்ட்ரக்டிவ் டோட்டல் லாஸ்’. கேட்க எளிது. ஆனால் எந்தச் செலவு? ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டா, தேய்மானம் கழித்து மிஞ்சுவதா? பாலிசி வாசகம் “பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு” என்று சொல்வதால், கம்பெனிகள் தேய்மானம் கழித்த தொகையையே எடுக்கின்றன. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

நாலரை ஆண்டு பழைய கார், 1,200 சி.சி., ஐ.டி.வி. 4,80,000. அதில் 75 சதவீதம் 3,60,000. எஸ்டிமேட் 4,20,000. இதில் உலோக பாகங்கள் 1,60,000, பிளாஸ்டிக்-ரப்பர்-ஏர்பேக் 1,30,000, கண்ணாடி 20,000, பெயின்ட் வேலை 40,000, கூலி 70,000.

நாலிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் உலோகத்துக்குக் கழிவு 35 சதவீதம்: 56,000. பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம்: 65,000. கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்ட் பில்லில் 25 சதவீதத்தைப் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதி: 5,000. மொத்தக் கழிவு 1,26,000. மிஞ்சுவது 2,94,000. கட்டாயக் கழிவாக 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய் போனால் (அதற்கு மேல் என்றால் 2,000) கம்பெனி தருவது 2,93,000. கழிவுக்குப் பிந்தைய 2,94,000 என்பது ஐ.டி.வி.யில் 61 சதவீதம்தான். ஆகவே ரிப்பேர்தான் என்பார்கள், 1,27,000 உங்கள் கையிலிருந்து.

இதே காருக்கு பம்பர் டு பம்பர் இருந்தால்? பாகங்களுக்குத் தேய்மானம் கிடையாது. 4,20,000 முழுதாக நிற்கும், 3,60,000-ஐத் தாண்டும், டோட்டல் லாஸ். ஆட்-ஆன் ஒன்று முடிவையே மாற்றுவது இப்படித்தான். சர்வேயரிடம் பேசப்போகும் முன் இதைப் போட்டு வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பாலிசி வாசகப்படி டோட்டல் லாஸில் கம்பெனியின் பொறுப்பு, ஐ.டி.வி.யில் உடைந்த வண்டியின் மதிப்பைக் கழித்தது; இங்கும் கட்டாயக் கழிவு 1,000 போகும். அந்த மதிப்பை ஆன்லைன் ஏலத்தில் கேட்டு வாங்குகிறார்கள். நம் உதாரணத்தில் உடைசலுக்கு 1,90,000 கேட்டிருந்தால், கம்பெனி கையிலிருந்து போவது 2,89,000. ரிப்பேரில் 2,93,000. அதாவது 61 சதவீதத்திலும் டோட்டல் லாஸ் அவர்களுக்கு மலிவு. அப்போது “கேஷ் லாஸாக (ரிப்பேர் செய்யாமல் பணமாக) முடித்துக்கொள்ளலாமா” என்று அவர்களே கேட்பார்கள். உடைசலுக்கு 1,20,000 மட்டுமே வந்தால் டோட்டல் லாஸ் செலவு 3,59,000 ஆகிவிடும், அப்போது ரிப்பேரையே பிடித்துக்கொள்வார்கள். எந்தக் கேள்வி வருகிறது என்பதை வைத்தே ஏலத்தொகை எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் ஊகிக்கலாம், பேரம் அங்கிருந்து தொடங்கும்.

உடைசலை விற்பதில் உள்ள கண்ணி

பணம் கைமாறும் முறை இதுதான்: ஏலம் எடுத்தவர் 1,90,000-ஐ உங்களிடம் தருவார், கம்பெனி 2,89,000 தரும், உங்களுக்கு மொத்தம் 4,79,000. ஏலத்துக்கு ஒரு கெடு உண்டு. கெடு முடிந்து பேச்சு இழுத்தால் அந்த ஆள் பின்வாங்குவார், அல்லது 1,30,000-க்குத்தான் எடுப்பேன் என்பார். கம்பெனியோ 1,90,000-ஐக் கழித்தேதான் தரும். அறுபதாயிரம் போச்சு.

எனவே சம்மதக் கடிதம் தரும்முன் மூன்று தகவல் எழுத்தில் வேண்டும்: ஏலம் எடுத்தவர் பெயர், தொகை, கெடு தேதி. சம்மதக் கடிதத்திலேயே, “இந்தத் தொகைக்கு ஏலதாரர் வாங்காவிட்டால் வித்தியாசத்தைக் கம்பெனி ஏற்க வேண்டும்” என்று ஒரு வரி சேருங்கள். புதுப்பேட்டை புரோக்கர் இரண்டு பேரிடம் நீங்களும் விலை கேட்டுவையுங்கள். அவர்கள் அதிகம் தருவதாகச் சொன்னால் உடைசலை நீங்களே வைத்துக்கொண்டு விற்கலாம்.

‘ஆர்.சி.யோடு’ ஒரு விலை, ‘ஆர்.சி. இல்லாமல்’ ஒரு விலை என்று ஏலத்தில் இரண்டு தொகை வரும். ஆர்.சி.யோடு விற்றால் விலை கூடும், ஆபத்தும் கூடும். பெயர் மாற்றாமல் அந்த வண்டி ஓடி யாரையாவது இடித்தால், பதிவில் உள்ள உரிமையாளர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. உங்கள் ஆர்.சி.யையும் சேஸிஸ் எண்ணையும் திருட்டு வண்டிக்குப் பொருத்திவிடும் கூட்டமும் உண்டு.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றை வெற்றாகக் கையெழுத்திட்டுத் தராதீர்கள். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. அவருடைய ஆதார், பான் நகல், ஒப்படைப்புக் கடிதத்தில் நேரம்கூட வேண்டும். 14 நாளுக்குள் தண்டையார்பேட்டையோ செங்குன்றமோ, உங்கள் ஆர்.டி.ஓ.வுக்கு விற்பனையை எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி இனி ஓடவே ஓடாது என்ற நிலை என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி பதிவை ரத்து செய்து, அதற்கான ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஃபாஸ்டாக்கைக் கண்ணாடியிலிருந்து பிய்த்துவிட்டு வங்கியில் மூடச் சொல்லுங்கள்.

கார் லோன் இருந்தால் பணம் முதலில் வங்கிக்கே போகும், மீதிதான் உங்களுக்கு. கிளெய்ம் நடக்கிறது என்பதால் இ.எம்.ஐ. நிற்காது. நிறுத்தினால் சிபில் ஸ்கோர் விழும். லோனை முடித்த கடிதமும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம் வாங்காமல் எந்த ஏலதாரருக்கும் வண்டியைப் பெயர் மாற்ற முடியாது.

தொகை குறைவு, அல்லது நிராகரிப்பு

முதலில் சர்வே அறிக்கையின் நகலைக் கேளுங்கள். இப்படி எழுதினால் போதும்: “என் கிளெய்முக்கான சர்வே அறிக்கை நகலும், பாகம் வாரியாகத் தேய்மானக் கணக்கும், உடைசல் ஏல விவரமும் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அவற்றைப் பார்த்த பிறகே சம்மதம் பற்றித் தெரிவிப்பேன்.” சர்வேயர் சொன்னதே கடைசி வார்த்தை ஆகாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வேறொரு உரிமம் பெற்ற சர்வேயரிடம் சொந்தச் செலவில் மதிப்பீடு வாங்கி எதிர்வைக்கலாம்.

சொந்த உபயோகக் காரை வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி முழுதாக நிராகரிக்கிறார்களா? வெள்ளை போர்டு கார்களில் இது அடிக்கடி வருகிறது. 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் இதே நிலைமைக்கு, முழுதாக மறுக்காமல் ஒரு பகுதியையாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்பின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். ஆனால் குடித்துவிட்டு ஓட்டியது, லைசென்ஸே இல்லாதவர் ஓட்டியது என்றால் தப்பிக்கும் வழி குறைவு. ஆர்.சி.யில் ஏற்றாத கேஸ் கிட்டும், முந்தைய கிளெய்மை மறைத்து வாங்கிய நோ கிளெய்ம் போனஸும் கிளெய்மைச் சிக்கலாக்கும்.

“முழுத் திருப்தி” என்று அச்சிட்ட ரசீதில் கையெழுத்துக் கேட்பார்கள். அவசரத்துக்குப் பணம் வேண்டியிருந்தால், கையெழுத்துக்கு மேல் “ஆட்சேபத்துடன் பெறுகிறேன்” என்று எழுதி, அன்றைக்கே அதை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

பிறகு படிப்படியாக மேலே போக வேண்டும். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார், கூடவே ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்தில் பதிவு. கட்டணமில்லா எண் 155255. ஒரு மாதம் பதிலே இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காவிட்டால் மேலே போகலாம். கணக்கு மட்டுமே தகராறு என்றால் இதுவே நல்ல இடம் என்பது எங்கள் கருத்து.

சாட்சி, ஒர்க்‌ஷாப் அலட்சியம், மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று வழக்கு விரிந்தால் பார்க் டவுனில் உள்ள சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வரம்பைக் கணக்கிடுவது நீங்கள் கட்டிய பிரீமியத்தை வைத்து. அது 5 லட்சத்துக்குள் இருக்கும் என்பதால் கட்டணமும் இல்லை. ஆனால் ஆம்பட்ஸ்மேனிடமும் ஆணையத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால்

உங்கள் கம்பெனியிடம் காருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. ஆனால் தப்பு லாரிக்காரர் மேல் என்றால், லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொத்துச் சேதமாகக் கேட்கலாம். அந்தப் பாலிசியில் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை காப்பு உண்டு. இதற்கு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அது உயர் நீதிமன்ற வளாகத்துச் சிறு வழக்குகள் நீதிமன்றம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தப்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். எஃப்.ஐ.ஆர்., லாரியின் இன்சூரன்ஸ் விவரம், பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கை, தனியார் சர்வேயர் மதிப்பீடு, உடைசலை விற்ற ரசீது ஆகியவை கையில் வேண்டும். வண்டியை விற்கும்முன் மதிப்பீட்டை முடித்துக்கொள்ளுங்கள், விற்ற பிறகு எந்தச் சர்வேயராலும் சேதத்தைக் காட்ட முடியாது.